ரோபோ வந்தப்புறம் எங்க கை என்ன ஆகுது

எங்க சித்தி பையன் கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் எஞ்சினியர். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஏதோ ஒரு ரோபோ சர்ஜரி வீடியோவ போட்டுட்டு கீழ கேட்டிருந்தான், "அக்கா, இதுல பண்ணா கை நடுங்காதாமே, அப்ப கை வேலை தெரியாதவங்க கூட சர்ஜன் ஆயிடலாம் இல்ல?" அவன் விளையாட்டா தான் கேட்டான், ஆனா இதே கேள்விய எங்ககிட்ட சர்ஜரி மேற்படிப்பு படிக்கிற பிஜி பசங்க வேற மாதிரி கேக்குறாங்க, ஓ.பி.ல பேஷண்டோட சொந்தக்காரங்க இன்னொரு மாதிரி கேக்குறாங்க. குரூப்ல பதில் போட்டா மாமாக்கள் எல்லாம் குட் மார்னிங் இமேஜ் போட்டு அத மேல தள்ளி விட்டுடுவாங்க, அதனால இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ரோபோன்னு பேரு வச்சிருக்காங்களே தவிர அது தானா ஒரு தையல் கூட போடாது. நான் கன்சோல்ல, அதாவது சர்ஜன் உக்காந்து ரோபோவ ஓட்டுற மேசைல, கைய அசைச்சா அது அசையும், நான் முகத்த அதுல படம் பாக்குற வியூவர்லேர்ந்து எடுத்துட்டா அது அப்படியே நின்னுடும். அதனால "ரோபோ நல்லா பண்ணுமா"ன்னு கேக்குறத விட அந்த மிஷின் நடுவுல வந்ததுனால சர்ஜனோட கை என்ன ஆகுதுன்னு கேக்குறது தான் சரியா இருக்கும். அதுக்கு பதில் சொல்லணும்னா ரோபோவுக்கு முன்னாடி வந்த லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமராவும் நீள கருவியும் விட்டு பண்ற சர்ஜரி, சுருக்கமா லேப், எங்க கைய என்ன பண்ணுச்சுன்னு சொல்லணும், ஏன்னா ரோபோ குடுக்குறது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி எங்ககிட்டேர்ந்து பிடுங்கினத தான். என் கருத்து மொத்தமும் அவ்ளோ தான், மிச்சமெல்லாம் விளக்கம்.

1985 செப்டம்பர்ல ஜெர்மனியில எரிச் மூஹேன்னு ஒரு சர்ஜன் வயித்த பெருசா கிழிக்காம சின்ன ஓட்டை வழியா பித்தப்பைய எடுத்தார். அந்த ஊர் பெரிய டாக்டர்கள் எல்லாம் மிக்கி மவுஸ் சர்ஜரின்னு கிண்டல் பண்ணாங்க, அப்புறம் பத்து வருஷம் கூட ஆகல, உலகம் பூரா பித்தப்பைன்னாலே லேப் தான்னு ஆயிடுச்சு. பேஷண்டுக்கு நல்லது, வலி கம்மி, ரெண்டு நாள்ல வீடு. ஆனா சர்ஜனோட கைக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் பெருசா பேசல. ஓபன் சர்ஜரில தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் சேந்து வேலை செய்யும், எந்த கோணத்துல வேணும்னாலும் ஊசிய திருப்பலாம், பின்னாடி பக்கம் தெரியலன்னா விரல விட்டு தடவி பாத்துக்கலாம். லேப்ல அத்தனையும் போச்சு. குறுகின வாய் ஊறுகா ஜாடிக்குள்ள ரெண்டு நீள குச்சிய விட்டு, ஜாடிய பாக்காம டிவிய பாத்துக்கிட்டே உள்ள இருக்குற மாங்கா துண்டுக்கு தையல் போடுங்கன்னா எப்படி இருக்கும், அதான் லேப்.

போர்ட்னு சொல்ற அந்த ஓட்டை தான் எல்லாத்துக்கும் காரணம். கருவி அந்த இடத்துல சிக்கிக்கிட்டு திரும்புது, அதனால கை இடது பக்கம் போனா உள்ள நுனி வலது பக்கம் போகும், கைய தூக்குனா நுனி இறங்கும். முதல் தடவை பண்ற பிஜிக்கு மூளையே குழம்பிடும், பழகப் பழக சரியாகும், ஆனா பழகுறதுக்கு மாசக்கணக்கா ஆகும். அடுத்தது, அந்த நேர் குச்சிக்கு மொத்தமே நாலு விதமான அசைவு தான்: மேல கீழ, இடம் வலம், உள்ள வெளிய, அப்புறம் தன் அச்சுல சுத்துறது. நுனிய திறந்து மூடுறத வேணும்னா தனியா சேத்துக்கலாம். மணிக்கட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஊசிய ஒரு வட்டத்துல ஓட்டணும்னா மணிக்கட்டு தான் அத செய்யும், அது இல்லன்னா முழங்கைய தூக்கி தோள முறுக்கி உடம்பையே சாச்சு அந்த வட்டத்த எப்படியோ கொண்டு வரணும். லேப் சர்ஜன் தையல் போடும்போது பின்னாடிலேர்ந்து பாத்தீங்கன்னா ஏதோ டான்ஸ் ஆடுறாங்கன்னு நினைப்பீங்க.

நடுக்கம் விஷயம் இன்னும் வேடிக்கை. எல்லாருக்கும் கை நடுங்கும், எவ்ளோ பெரிய சர்ஜனா இருந்தாலும் சரி, நொடிக்கு 8லேர்ந்து 12 தடவை ரொம்ப மெல்லிசா நடுங்கிக்கிட்டே இருக்கும், அது நோய் இல்ல, உடம்போட இயல்பு. ஓபன்ல அது கண்ணுக்கே தெரியாது. லேப்ல கருவியோட பெரும்பகுதி உள்ள போயிட்டா நெம்புகோல் கணக்குல கையில இருக்குற சின்ன நடுக்கம் நுனியில பெருசா தெரியும், அதுவும் கேமரா கிட்ட போய் பெருசு பண்ணி பெரிய ஸ்கிரீன்ல காட்டுது, தியேட்டர்ல இருக்குற அத்தனை பேரும் பாப்பாங்க. அந்த கேமராவ பிடிச்சிட்டு நிக்கிறது முந்தின நாள் நைட் டியூட்டி முடிச்சிட்டு தூக்கம் சொக்குற ஒரு பிஜி. "தம்பி, ஆட்டாத", "தம்பி, கொஞ்சம் பின்னாடி வா", "தம்பி, நேரா பிடி", ஒரு கேஸ் முழுக்க இத தான் சொல்லிக்கிட்டு இருப்போம். அந்த தம்பியோட நடுக்கமும் என் நடுக்கமும் சேந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாருங்க.

இதுல இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப நெருக்கமானது. என் கிளவுஸ் சைஸ் 6. லேப் கருவிகளோட கைப்பிடி எல்லாம் யாரோ ஒரு உயரமான வெள்ளைக்கார ஆம்பளையோட கைக்கு அளவெடுத்து செஞ்ச மாதிரி தான் இருக்கும், திசுவ பின் அடிச்சு மூடுற ஸ்டேப்ளர் இருக்கே, அத ஒரு கையால அழுத்தவே முடியாது, ரெண்டு கையும் போட்டு அழுத்தணும், பக்கத்துல நிக்கிற ஆம்பள பிஜி "மேடம் நான் பண்ணவா"ன்னு கேப்பான் பாருங்க, எரிச்சலா வரும். ரொம்ப நாள் இது நம்ம பலவீனம் போலன்னு தான் பெண் சர்ஜன்கள் பல பேர் நினைச்சுக்கிட்டு இருந்தோம். 2004ல அமெரிக்காவுல 726 லேப் சர்ஜன்கள்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க, கிளவுஸ் சைஸ் ஆறரையும் அதுக்கு கீழயும் இருக்குறவங்களுக்கு லேப் கருவிகள் கணிசமா கஷ்டம் குடுக்குதுன்னு தெளிவா வந்துச்சு. இத்தனை வருஷமா "கை சரியில்ல"ன்னு சொல்லிட்டு இருந்தது கருவி சரியில்லாததுக்கு தான்.

இப்ப ரோபோவுக்கு வருவோம். இது கைக்கு நல்லது பண்ணனும்னு கண்டுபிடிச்சதே இல்ல, அது தான் எனக்கு எப்பவும் ஆச்சரியம். அமெரிக்க ராணுவம் காசு குடுத்துச்சு, போர்க்களத்துல அடிபட்ட சிப்பாய்க்கு தூரத்துல பாதுகாப்பான இடத்துல உக்காந்துக்கிட்டே சர்ஜன் ஆபரேஷன் பண்ணணும்னு ஒரு யோசனை. கலிஃபோர்னியாவுல எஸ்.ஆர்.ஐ.ங்கிற ஆராய்ச்சி நிறுவனத்துல அந்த வேலை நடந்துச்சு, அந்த தொழில்நுட்பத்த எடுத்து தான் 1995ல இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல்ங்கிற கம்பெனி ஆரம்பிச்சாங்க, 2000 ஜூலைல அவங்களோட டா வின்சி ரோபோவுக்கு, மருத்துவ கருவிகளுக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கிடைச்சுது. தூரம்ங்கிற கனவு ஒரு தடவை பெரிய செய்தியாவும் ஆச்சு, 2001 செப்டம்பர் 7 அன்னிக்கு ஜாக் மாரெஸ்கோ நியூயார்க்ல உக்காந்து பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்ல இருந்த ஒரு அம்மாவோட பித்தப்பைய எடுத்தார், அது ஜீயஸ்ங்கிற இன்னொரு ரோபோ. நாலே நாள்ல நியூயார்க்ல என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த செய்தி அதுலயே அமுங்கி போச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல நாங்க பெரும்பாலும் பேஷண்ட் படுத்திருக்குற அதே ரூம்ல, பத்தடி தள்ளி உக்காந்து தான் ரோபோ ஓட்டுறோம். தூரத்துக்காக நடுவுல ஒரு கம்ப்யூட்டர வச்சாங்க, தூரம் தேவைப்படல, ஆனா கம்ப்யூட்டர் நடுவுல இருக்குறதுனால கை அசைவ வாங்கி திருத்தி அனுப்ப முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க.

அந்த திருத்தம் தான் விஷயமே. கன்சோல்ல கட்டை விரலும் நடு விரலும் ரெண்டு சின்ன பட்டைக்குள்ள போகும், வெல்க்ரோ, கைக்கு ஏத்த மாதிரி இறுக்கிக்கலாம், சைஸ் 6 கைக்கும் சரி, 8 கைக்கும் சரி. போர்ட்ல இருக்குற அந்த எதிர்த்திசை குழப்பத்த கம்ப்யூட்டர் தானா சரி பண்ணிடும், கை இடது பக்கம் போனா நுனியும் இடது பக்கம் தான் போகும். கருவியோட நுனிக்கு பக்கத்துல ஒரு குட்டி மணிக்கட்டு இருக்கு, மெல்லிய கம்பிகளும் கப்பிகளும் வச்சு இழுக்குற ஒரு ஏற்பாடு, அது வந்ததுனால திறந்து மூடுறதையும் சேத்து ஏழு விதமான அசைவு. நடுக்கத்த வடிகட்டிடும். அப்புறம் ஸ்கேலிங், அதாவது 3க்கு 1ன்னு வச்சா நான் கைய மூணு சென்டிமீட்டர் நகத்துனா உள்ள ஒரு சென்டிமீட்டர் தான் நகரும். கை ஒரு மூலைக்கு போய் முட்டிக்கிச்சுன்னா காலால கிளட்ச்ச மிதிச்சு கைய மட்டும் வசதியான இடத்துக்கு கொண்டு வந்துக்கலாம், உள்ள கருவி அசையாது. கேமராவும் என் கன்ட்ரோல்லயே, ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி படம், ஆழம் தெரியும். தம்பிய திட்ட வேண்டியதில்ல. தம்பிக்கு வேற வேலை வந்துடுச்சு, அத அப்புறம் சொல்றேன், அது தான் கொஞ்சம் சோகமான பகுதி.

இதெல்லாம் சேந்து கைக்கு எவ்ளோ லாபம்னு அளந்து பாத்திருக்காங்க. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல அரா தர்ஸியோட குரூப், 2004ல வந்த பேப்பர். பத்து சர்ஜன்கள், தையல் போடுற வேலை, லேப்ல ஒரு தடவை, ரோபோல ஆழம் தெரியாத படத்தோட ஒரு தடவை, முப்பரிமாண படத்தோட ஒரு தடவை. எவ்ளோ தூரம் கை போச்சு, எத்தனை அசைவு, எவ்ளோ நேரம்னு சென்சார் வச்சு அளந்தாங்க. மணிக்கட்டு, நடுக்க வடிகட்டல், ஸ்கேலிங் மூணும் சேந்து கை லாவகத்த லேப்ப விட கிட்டத்தட்ட 50 சதவீதம் கூட்டுது, முப்பரிமாண பார்வை இன்னொரு 10லேர்ந்து 15 சதவீதம். அந்த முப்பரிமாண பார்வையினால தையல்ல வர்ற தப்புகள் 93 சதவீதம் குறைஞ்சுதுன்னும் போட்டிருந்தாங்க. கம்பெனிக்காரங்க பிரசன்டேஷன்ல கை லாவகம்னு ஒரு ஸ்லைடு வந்தா எனக்கு இந்த பேப்பர் தான் ஞாபகம் வரும். நம்பர் உண்மை தான். ஆனா எத விட 50 சதவீதம்? லேப்ப விட. கால கட்டிப்போட்டு ஓடுனவன் கட்ட அவுத்ததும் வேகமா ஓடுறான்னா அதுல ஷூவுக்கு எவ்ளோ பெருமை குடுக்குறதுன்னு ஒரு கேள்வி இருக்கு. ஓபன் சர்ஜரில கைய விட்டு பண்ற ஒரு நல்ல சர்ஜனோட இந்த ஒப்பீடு நடக்கல.

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப பிடிச்சது, 2011ல கலிஃபோர்னியா இர்வைன் யுனிவர்சிட்டிலேர்ந்து வந்தது. வலது கைக்கும் இடது கைக்கும் இருக்குற வித்தியாசம் ரோபோல என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, வித்தியாசம் பெருசா இல்லாம போச்சு. இத கன்சோல்ல உக்காந்தவங்க யாரா இருந்தாலும் உணர்ந்திருப்பாங்க, இடது கையால ஊசி ஓட்ட லேப்ல எவ்ளோ திணறுவோமோ அது இங்க இல்ல. இடது கைப்பழக்கம் உள்ள பிஜி ஒருத்தி எங்ககிட்ட இருந்தா, எல்லா கருவியும் வலது கைக்குன்னே செஞ்சதுனால லேப்ல அவ பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல, சிமுலேட்டர்ல உக்காந்த முதல் நாளே மத்தவங்கள விட அமைதியா முடிச்சிட்டு எழுந்து வந்தா.

அப்ப சித்தி பையன் கேட்டதுல நியாயம் இருக்கா? பாதி இருக்கு. ரோபோனால ரொம்ப லாபம் அடையிறது லேப்ல தடுமாறினவங்க தான், ஏற்கனவே லேப்ல கை தேர்ந்தவங்களுக்கு லாபம் குறைவு, இத நான் கண்ணால பாக்குறேன். லேப்ல தையல் போட பயந்து முடிச்சுக்கு பதிலா கிளிப்பும் ஸ்டேப்ளருமா சமாளிச்சிட்டு இருந்த சீனியர் சார் ஒருத்தர் அறுபது வயசுல ரோபோ பழகி அழகா தையல் போடுறார், ஓபன்ல அவருக்கு தங்கமான கை, லேப் அத பூட்டி வச்சிருந்துச்சு, ரோபோ திறந்து விட்டுடுச்சு. ஆனா ஓபன்லயும் தையல் தெரியாதவன ரோபோல உக்கார வச்சா நடுங்காம தப்பான இடத்துல தையல் போடுவான். எந்த பிளேன்ல, அதாவது திசுவோட எந்த அடுக்குக்கு நடுவுல போகணும், எத விடணும், எப்ப நிறுத்தணும், இதெல்லாம் மிஷின் வடிகட்டி குடுக்காது.

இப்ப இழந்தது என்னன்னு பாக்கலாம். தொடு உணர்ச்சி. லேப்லயே பாதி போச்சு, ஆனாலும் அந்த குச்சி வழியா கொஞ்சம் தெரியும், கல் இருந்தா கடகடன்னு தட்டுப்படும், திசு இறுகினா கை சொல்லும். டா வின்சில இத்தனை வருஷமா அது சுத்தமா கிடையாது. நூல இழுக்கும்போது எவ்ளோ இழுக்குறேன்னு கைக்கு தெரியாது, பழகுற காலத்துல எல்லாருமே நூல பட்டு பட்டுன்னு அறுப்பாங்க, ஸ்க்ரப் சிஸ்டர் அடுத்த நூல ரெடியா வச்சுக்கிட்டு ஒரு பார்வை பாப்பாங்க. அப்புறம் மெல்ல மெல்ல கண்ணு அந்த வேலைய எடுத்துக்கும், திசு லேசா வெளுக்குது, நூலுக்கு பக்கத்துல சுருக்கம் விழுது, முடிச்சு உக்கார்ற விதம், இத பாத்தே இழுவை எவ்ளோன்னு தெரிய ஆரம்பிக்கும். பழகினதுக்கப்புறம் கையில உணர்ற மாதிரியே இருக்கும், சத்தியமா, உள்ள எதுவும் உணரலன்னு அறிவுக்கு தெரியும், ஆனா விரல் நுனில ஏதோ இருக்குற பிரமை. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, கேமராக்கு வெளிய இருக்குற கருவி எத அழுத்திட்டு இருக்குன்னு கண்ணுக்கும் தெரியாது கைக்கும் தெரியாது. அதனால தான் கருவி பார்வைய விட்டு போகவே கூடாதுன்னு முதல் நாள்லேர்ந்து தலையில அடிச்சு சொல்லுவாங்க. 2024 மார்ச்ல அனுமதி வாங்கின டா வின்சி 5ல, இழுக்குற தள்ளுற விசைய கைக்கு திருப்பி சொல்ற கருவிகள் வந்திருக்கு. கால் நூற்றாண்டு கழிச்சு!

உடம்பு விஷயத்தையும் சொல்லணும். 2010ல ஒரு சர்வே வந்துச்சு, லேப் பண்ற 317 சர்ஜன்கள்ல 87 சதவீதம் பேருக்கு கழுத்து, தோள், கை, முதுகுன்னு ஏதோ ஒரு தொந்தரவு. தலைப்புலயே பேஷண்டுக்கு நன்மை, சர்ஜனுக்கு அவதின்னு வச்சிருந்தாங்க. கை லாவகத்த பத்தி பேசும்போது இத தனியா பிரிக்கக் கூடாது, நாலாவது மணி நேரத்துல தோள் வலிக்கிறவங்க கை முதல் மணி நேரத்துல இருந்த கை இல்ல. கன்சோல்ல உக்காந்து பண்ணலாம், முழங்கைக்கு கீழ சாய்மானம் இருக்கு, உண்மையிலேயே நிம்மதி. அதுக்காக வலியே இல்லன்னு இல்ல, வியூவருக்குள்ள தலைய குனிஞ்சு வச்சு கழுத்து பிடிச்சுக்கும், சீட்ட சரியா செட் பண்ணலன்னா விரலும் மரத்து போகும். மயக்க மருந்து அக்கா ஒருத்தங்க சொல்லுவாங்க, "முன்னாடியெல்லாம் கேஸ் முடிஞ்சதும் சுவத்துல சாஞ்சு நிப்பீங்க, இப்ப எழுந்து நடந்து காபி குடிக்க போறீங்க"ன்னு.

ரொம்ப நாள் ரோபோவே பண்ணிட்டு திரும்ப லேப் பண்ண போனா என்ன ஆகும்? முதல் சில நிமிஷம் கை ஏமாந்து போகும், மணிக்கட்ட திருப்புனா நுனி திரும்பும்னு எதிர்பாத்து திருப்புவேன், அது மொக்கையா நேராவே நிக்கும். அப்புறம் பழைய ஞாபகம் வந்துடும். லேப் நல்லா தெரிஞ்சவங்களுக்கு வரும். லேப்பே பழகாம நேரா ரோபோக்கு வர்ற தலைமுறைக்கு நடு ராத்திரி ஒரு குடல்வால் வெடிச்ச கேஸ் வந்தா, அங்க ரோபோவ ஓட்ட ஆள் இருக்காது, என்ன பண்ணுவாங்கன்னு எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

தம்பி கதைக்கு வர்றேன். ஓபன்ல ஜூனியருக்கு ரெண்டு கையும் உள்ள இருக்கும், பிடிப்பான், இழுப்பான், சீனியர் கை பக்கத்துலயே அவன் கையும் இருக்கும், "இந்த தையல நீ போடு"ன்னா அப்படியே போட்டுடுவான். லேப்ல கேமரா பிடிச்சாவது சீனியர் பாக்குற படத்த அவனும் பாத்துட்டு, ஒரு போர்ட்ல கையையும் வச்சிருப்பான். ரோபோல சீனியர் ஒருத்தரே மிஷினோட நாலு கையையும் ஓட்டிடுறார். தம்பி பேஷண்ட் பக்கத்துல நின்னு கருவி மாத்துவான், சக்ஷன் பிடிப்பான், இல்ல சுவத்தோரம் ஸ்டூல் போட்டு ஸ்கிரீன பாப்பான். மேத்யூ பீன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத பல ஆஸ்பத்திரில போய் உக்காந்து பாத்து 2019ல எழுதினார், முறையா கத்துக்குடுக்குற வழில ரெசிடென்டுகளுக்கு, அதாவது அந்த ஊர் பிஜிக்களுக்கு, கன்சோல் நேரம் ரொம்ப கம்மியா தான் கிடைக்குது, ஒரு சிலர் மட்டும் விதிகள கொஞ்சம் வளைச்சு, சீக்கிரமே ஒரே துறையில இறங்கி, சிமுலேட்டர்லயும் வீடியோலயும் ராப்பகலா கிடந்து, கண்காணிப்பு குறைவான இடத்துல தட்டுத்தடுமாறி கத்துக்குறாங்கன்னு. 2009லேர்ந்து ரெண்டு கன்சோல் வச்சுக்குற வசதி வந்திருக்கு, ஒரு பட்டன்ல கன்ட்ரோல ஜூனியருக்கு குடுத்து வாங்கலாம். நல்ல ஏற்பாடு தான். ஆனா ரெண்டாவது கன்சோலுக்கு காசு யார் குடுக்குறது? நம்ம ஊர்ல முதல் கன்சோலுக்கே பாங்க் லோன்.

2018ல லண்டன் இம்பீரியல் காலேஜ் சர்ஜரி கல்விப் பேராசிரியர் ரோஜர் நீபோன் ஒரு விஷயம் சொல்லி அது உலகம் பூரா செய்தியாச்சு, மாணவர்கள் நல்ல மார்க் வாங்கிட்டு வர்றாங்க, ஆனா கையால வெட்டி ஒட்டி தைச்சு வளர்ற அனுபவம் இல்லாததுனால தையல் போட வரலன்னு. ஸ்கிரீன தேய்ச்சே வளர்ற கைன்னு வச்சுக்கோங்க. அதே சமயம் 2007ல நியூயார்க்ல ஜேம்ஸ் ராஸர் குரூப் 33 சர்ஜன்கள வச்சு பாத்ததுல வீடியோ கேம் வாரத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல விளையாடி பழகினவங்க லேப் பயிற்சியில 37 சதவீதம் தப்பு கம்மியா, 27 சதவீதம் வேகமா பண்ணாங்க. எங்க பிஜி பசங்களுக்கு ரெண்டாவது பேப்பர் மட்டும் தான் மனப்பாடம்.

கை லாவகம் கூடுனா பேஷண்டுக்கு நல்லதா? இங்க தான் விளம்பரமும் உண்மையும் பிரியுது. ரோலார்னு ஒரு டிரையல், மலக்குடல் கேன்சர், 471 பேஷண்ட், 2017ல ஜாமாங்கிற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. இடுப்பெலும்புக்குள்ள ஆழத்துல, குறுகின இடத்துல பண்ற வேலை, ரோபோவோட மணிக்கட்டுக்கு இத விட பொருத்தமான இடம் கிடையாதுன்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். பாதியில ஓபனா மாத்த வேண்டி வந்தது லேப்ல 12.2 சதவீதம், ரோபோல 8.1. நம்பர் கம்மி மாதிரி இருக்கு, ஆனா புள்ளியியல் கணக்குல அந்த வித்தியாசத்த நிச்சயம்னு சொல்ல முடியல. அடுத்த வருஷமே கர்ப்பப்பை வாய் கேன்சர்ல எல்.ஏ.சி.சி. டிரையல் வந்து தலையில இடி இறக்குச்சு, லேப்பும் ரோபோவும் சேத்து சின்ன ஓட்டை வழியா பண்ணவங்கள்ல நாலரை வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க 86 சதவீதம், வயித்த திறந்து பண்ணவங்கள்ல 96.5. கை எவ்ளோ நல்லா வேலை செஞ்சாலும் வழியே சரியில்லன்னா பிரயோஜனம் இல்ல. நிறைய சென்டர்ல அந்த ஆபரேஷன திரும்ப ஓபனுக்கே கொண்டு போனாங்க.

நம்ம கோயம்புத்தூர்ல டாக்டர் பழனிவேலுவோட டீம் கணையத்தோட தலைப்பகுதிய எடுக்குற விப்பிள் ஆபரேஷன, சர்ஜரிலயே கஷ்டமான ஒண்ணு அது, வெறும் லேப்ல, நேர் குச்சிய வச்சு பண்ணி, 64 பேஷண்ட்கிட்ட ஓபனோட ஒப்பிட்டு 2017ல முதல் ரேண்டமைஸ்ட் டிரையலா, அதாவது யாருக்கு எந்த முறைன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு பண்ற ஆராய்ச்சியா, வெளியிட்டாங்க. உள்ள குட்டி குட்டி குழாய தைக்கணும் அதுல. மணிக்கட்டு இல்லாத கருவில அத தைச்ச கைகள நினைச்சா எனக்கு இப்பவும் மலைப்பா இருக்கு. அதே மாதிரி இன்னொரு பக்கம், புராஸ்டேட் ரோபோ சர்ஜரிய உலகம் பூரா கொண்டு போனவர்ல முக்கியமானவர் டெட்ராய்ட்ல இருந்த மணி மேனன், அவர் எம்.பி.பி.எஸ். படிச்சது புதுச்சேரி ஜிப்மர்ல. லேப்ல புராஸ்டேட்ட எடுத்துட்டு மூத்திரப்பைய திரும்ப இணைக்கிற தையல் பெரும்பாலானவங்களுக்கு வரவே வரல, ரோபோ வந்ததும் அது சாதாரண யூராலஜிஸ்ட் கைக்கும் எட்டுச்சு. மணிக்கட்டு எங்க நிஜமாவே தேவைன்னு கேட்டா நான் முதல்ல இத தான் சொல்லுவேன்.

காசு. டா வின்சி கருவிக்குள்ள ஒரு சிப் இருக்கு, எத்தனை தடவை பயன்படுத்தினோம்னு எண்ணும், பல கருவிகளுக்கு ரொம்ப வருஷமா பத்து தடவை தான், அப்புறம் நல்லா இருந்தாலும் மிஷின் ஏத்துக்காது. 2020க்கு அப்புறம் சில கருவிகளுக்கு அந்த கணக்க கூட்டினாங்க. இதுக்கும் கை லாவகத்துக்கும் என்ன சம்பந்தம்னா, ஒவ்வொரு கேஸும் அவ்ளோ செலவுன்னா சீனியர் ஜூனியர்கிட்ட "நீ ட்ரை பண்ணு"ன்னு குடுக்க தயங்குவார், நிர்வாகம் நேரத்த பாக்கும். நம்ம அரசு ஓமந்தூரார் ஆஸ்பத்திரில 2022ல சுமார் 35 கோடி ரூபா செலவுல ரோபோ சர்ஜரி ஆரம்பிச்சாங்க, குருகிராம்லேர்ந்து எஸ்.எஸ்.ஐ. மந்த்ரான்னு இந்திய ரோபோ வந்திருக்கு. விலை இறங்கினா தான் பிஜி கைக்கு கன்சோல் கிடைக்கும், அதனால இந்த போட்டி இன்னும் சூடு பிடிக்கட்டும்னு தான் நான் வேண்டிக்கிறேன்.

குரூப்ல இத பாத்துட்டு சித்தியும் தனியா மெசேஜ் பண்ணி கேட்டாங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கு பித்தப்பைல கல்லாம், ரோபோல பண்ண எக்ஸ்ட்ரா காசு கேக்குறாங்களாம், கட்டலாமான்னு. சாதாரண பித்தப்பைக்கு வேணாம் சித்தி. அதுல தையலே கிடையாது, கிளிப் போட்டு வெட்டி எடுக்குற வேலை, லேப்ல நேர் குச்சியே தாராளமா போதும். புராஸ்டேட், ஆழத்துல இருக்குற மலக்குடல், கிட்னிய முழுசா எடுக்காம கட்டிய மட்டும் வெட்டிட்டு மிச்சத்த தைக்கிறது, இந்த மாதிரின்னா யோசிக்கலாம். அப்பவும் மிஷின் எந்த மாடல்னு கேக்காதீங்க, பண்ணப்போற டாக்டர்கிட்ட இந்த ஆபரேஷன வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, நடுவுல ஏதாவது ஆச்சுன்னா ஓபனா மாத்தி முடிக்க உங்களுக்கே பழக்கம் இருக்கான்னு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. நேரா பதில் சொன்னா அங்கயே பண்ணிக்கோங்க. கோவப்பட்டா வேற டாக்டர பாருங்க.